நேபாளத்து மாஸ்டர் என்று சொன்ன நாள்

கொரோனா வந்த புதிது. ஊரடங்கு போடுவதற்குச் சில நாட்கள் முன்னால், மார்ச் மாதத்தில் ஒரு காலை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலோரமாக ஒரு மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் கார் டிரைவர். பத்தாவது வரைதான் படித்தவன், அதனால் எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. இந்த விஷயத்தை என் சொந்தப் பிள்ளைகளிடமே போன வருடம்தான் சொன்னேன்.

நான் வண்டி ஓட்டியது ஒரு சீன இன்ஜினியருக்கு. ஐம்பது வயது இருக்கும். இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. தினமும் காலையில் காரில் ஏறியதும் "ச்சி ல மா?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். நாமும் ஆளைப் பார்த்தால் முதலில் அதைத்தானே கேட்கிறோம்? அது தெரிந்த அன்றைக்கே அவர் எனக்கு வெளிநாட்டுக்காரராகத் தெரியவில்லை. "சாப்ட்டாச்சு சார்" என்பேன். அதையும் அவர் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் என் வீட்டு மீன் குழம்பை ஆசையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "தூட்ஸ தெங், தூட்ஸ தெங்" என்றார். வயிறு வலிக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூட என்னைப் பார்த்து "தூட்ஸ தெங்" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படித்தான் அந்த வார்த்தை எனக்கு மனப்பாடம் ஆனது.

அவரோடு இருந்தவர்கள் சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனார்கள். நோய் பரவியதால் திரும்பி வர முடியவில்லை. இவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். ஒரு வருடமாக அவர் சீனாவுக்கே போகவில்லை. அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. "இன்னா மாமா, கொரோனாவ ஏத்திகினு சுத்துறியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

எந்த நோவு வந்தாலும் வெந்நீர்தான் அவருக்கு மருந்து. ஒரு ஃபிளாஸ்க் எப்போதும் கையில் இருக்கும். அந்த மார்ச்சில் காய்ச்சல் வந்தபோதும் இரண்டு நாள் வெந்நீரைக் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் காலை நான் போனபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆபீஸில் இருந்த நம் ஊர் சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றுகொண்டு, "மச்சான், நீயே எங்கனா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடு. நான் வந்தா எங்க வூட்ல உள்ள சேக்க மாட்டாங்க" என்றார்.

முதலில் கடலூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பின் சீட்டில் இருந்த முகத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றவர் பத்தடி பின்னால் போய்விட்டார். "யோவ், சைனாவா? வண்டிய எடுய்யா மொதல்ல!" வரிசையில் நின்ற ஜனமெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டது. ஒருவர் என் கார் நம்பரைப் போட்டோ எடுத்தார்.

அங்கிருந்து சிதம்பரத்துக்குத் திருப்பினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. அங்கேயும் விரட்டினால் இவரை எங்கே கொண்டுபோவது? என்னையும் சேர்த்துப் பிடித்து அடைத்துவிட்டால் என் வீட்டில் என்ன ஆகும்? அப்போதுதான் அந்தப் பொய் தோன்றியது. எங்கள் பக்கம் 'சைனீஸ்' என்று போர்டு போட்ட கடைகளில் ஃபிரைட் ரைஸ் கிளறுகிறவர்கள் பாதிப்பேர் நேபாளத்துக்காரர்கள். அவர்களைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அவருடைய பாஸ்போர்ட்டையும், சீன எழுத்தாக இருந்த போனையும் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரி வாசலில், "நேபாளம்ங்க. ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டர். ரெண்டு நாளா காய்ச்சல்" என்றேன். பெயர் கேட்டார்கள். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு சந்தோஷம்.

நேபாளம் என்றதால், இந்தி தெரிந்த ஒரு பயிற்சி டாக்டர் பெண்ணைக் கூப்பிட்டு வந்தார்கள். அந்தப் பெண் இந்தியில் என்னென்னவோ கேட்டது. அவர் பாதி மயக்கத்தில் தன் பாஷையில் ஏதோ முனகினார். பெரிய டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். அதற்கும் அதே முனகல்தான்.

"இந்தி மாதிரியே இல்ல சார். நேபாளி மாதிரியும் தெரியல. ஒரு வார்த்தைகூடப் புரியல" என்றது அந்தப் பெண்.

"பேச்சு குழறுது. காய்ச்சல் தலைக்கு ஏறியிருக்கலாம். மொதல்ல தலைய ஸ்கேன் பண்ணிடுவோம்" என்றார் டாக்டர்.

அவர் பேச்சு குழறவே இல்லை, பிள்ளைகளே. "தூட்ஸ தெங்" என்று தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறையில் அது எனக்கு மட்டும் புரிந்தது. சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும். ஸ்கேன் எடுத்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், பெரிய டாக்டர்களாயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன்.

ஸ்கேனுக்குக் கூட்டம். வரிசையில் காத்திருந்து, எடுத்து, படம் வந்து, அதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது மூன்று மணி நேரம் போயிருந்தது. ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். மணிக்கட்டில் நான் சொன்ன பொய்ப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து மறுபடியும் அதையே சொன்னார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

என் மனசு உடைந்துவிட்டது. ஓடிப்போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விரட்டுவார் என்றுதான் நினைத்தேன். டாக்டர் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே இன்ஜினியர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சைனாக்காரரா இருந்தா இன்னாய்யா? நாங்க பாக்க மாட்டோமா? வயிறுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு ஒனக்கு வாய் இல்லியா?"

குடல்வால் வெடித்து, உள்ளே சீழ் பரவிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு மூன்றாம் நாள் காலை அவர் உயிர் போய்விட்டது. கொரோனா பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது.

"காலையிலயே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் சொல்லிவிடக் கூடாதா என்று ஏங்கினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம், கம்பெனியிலிருந்து சீன பாஷை தெரிந்த ஒரு அம்மா சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். அந்த அம்மாவின் போனில், வீடியோவில் இன்ஜினியரின் மனைவி தெரிந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. நான்தான் கூட இருந்தவன் என்று அந்த அம்மா சொல்லியிருப்பார் போல. மனைவி ஏதோ கேட்டார். அந்த அம்மா என்னிடம் தமிழில் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. தெரியாத ஊராச்சே, அங்க அவரு பேசுறது புரியிற மாதிரி பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு."

நான் போனிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். அப்புறம், "இருந்தாங்கன்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

அதைக் கேட்டதும் அந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தலையைக் குனிந்து "ஷியே ஷியே" என்றார். நன்றி என்று அர்த்தம். அதுவும் இன்ஜினியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய வெந்நீர் ஃபிளாஸ்க் என் காரிலேயே தங்கிவிட்டது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டில் வைத்திருக்கிறேன். என் பெண்தான் ஒருநாள் "இது யாருதுப்பா?" என்று கேட்டாள். அதனால்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

அவரை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகப் பொய் சொன்னேனே, அதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. ஆனால் உள்ளே போன பிறகு, அவர் பேச்சு புரிந்த ஒரே ஆளாக இருந்துகொண்டே சுவர் ஓரமாக நின்ற அந்த மூன்று மணி நேரம், யாராவது என்னைப் பார்த்து "சாப்ட்டியா" என்று கேட்கும்போதெல்லாம் இன்னமும் திரும்பி வருகிறது.