சேர் மூன்று தடவை பார்த்துப் போட்ட ஊசி

சேர் செத்துப் போனார்.

காலையில் எங்கள் பட்ச் வட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. அதற்குள் எல்லாருடைய ப்ரொஃபைலிலும் மெழுகுவர்த்தி... அழுது எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் பொய் எழுத வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கெம்பஸில் என் ரிசேர்ச்சுக்குப் பொறுப்பாக இருந்தவர். மாடுகளின் சினை பற்றிய ஆராய்ச்சியில் பெரிய கெட்டிக்காரர், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சித்தாண்டிப் பக்கம் ஒரு மாட்டுப் பட்டியில்தான் வேலை. பசுக்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பருவத்துக்கு வரவைக்கிற ஹோர்மோன் ஊசி. சினை மாட்டுக்கு அதைப் போட்டால் கன்று கலைந்துவிடும்.

அதனால் சேர் யாரையும் நம்ப மாட்டார். தோள்வரை கையுறை மாட்டி, ஒவ்வொரு மாட்டின் பின்னாலும் கையை விட்டு, கருப்பையைத் தடவிப் பார்ப்பார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சினை என்றால் கழுத்தில் சிவப்புக் கயிறு.

ஒருநாள் ஒரு கயிறு அவிழ்ந்து நிலத்தில் கிடந்தது. எந்த மாட்டினுடையது என்று தெரியவில்லை. வேலையை நிறுத்தி, அந்த வெயிலில், முதல் மாட்டிலிருந்து திரும்பப் பார்த்தார்.

"ஒரு கண்டு கலைஞ்சாலும் அது என்ட கையால கலைஞ்சது, பிள்ள" என்றார்.

இப்படியும் ஒரு மனிதர் என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகத்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். முழுகாமல் இருந்தேன், இரண்டு மாதம். அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்பே சேரிடம் சொன்னேன்... வேலை அப்படி. சந்தோசம் என்றார். லீவு கீவு என்று டேட்டாவைக் குழப்பிவிடாதே என்றும் சொன்னார்.

அடுத்த நாள் மருந்தை ஊசியில் ஏற்றும் வேலையை என்னிடம் தந்தார். சின்னக் கையுறைகள் முடிந்திருந்தன. வெறுங்கையோடு ஊசியை இழுக்கும்போது மருந்து உள்ளங்கையெல்லாம் வழிந்தது.

பட்டியின் சொந்தக்காரி கனகம்மாக்கா பக்கத்தில் நின்றார். நான் வாந்தி எடுத்ததைப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தவர்.

"சேர், புள்ளத்தாச்சிப் புள்ள இதத் தொடலாமா? கலைக்கிற மருந்தெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மாட்டு மருந்து அக்கா. மனிசருக்கு என்ன செய்யப்போகுது" என்று சிரித்தார்.

"இஞ்ச வாகா புள்ள" என்று அக்காதான் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டார். மாடு நிற்கிறது, கெதியாக வா என்று சேர் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

திரும்பிப் போனேன். நாலு நாள் அதே வேலை.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிள்ளை இல்லை.

காரணம் சொல்ல முடியாது, முதல் மாதங்களில் பலருக்கும் நடக்கிறதுதான் என்றார் டொக்டர். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சேர் தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். கட்டிலடியில் நின்று, பதினேழாம் நம்பர் மாட்டின் ஷீட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

இடத்தைச் சொன்னேன். அதற்கு இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம்.

பிறகு ஃபைல்களை ஒப்படைக்கும்போது மருந்துப் பெட்டிக்குள் வந்த தாள் கிடைத்தது. எவ்வளவு போட வேண்டும் என்ற வரிக்குக் கீழே சேரின் பென்சில் கோடு. அதற்கு அடுத்த வரி... கர்ப்பிணிகள் தொடக் கூடாது, தோல் வழியாக உள்ளே போகும்.

அந்த வரிக்குக் கோடு இல்லை.

வாசித்தீர்களா சேர்? இதை மட்டும் கேட்க எத்தனை தடவை போனை எடுத்திருப்பேன். மகள் பிறந்தபோது நீங்கள் அனுப்பிய "கொங்க்ராட்ஸ்" இன்னும் அப்படியே கிடக்கிறது, பதில் போடாமல்.

அவளுக்கு இப்போது பதினொரு மாதம். காய்ச்சல் பாணி மருந்து வாங்கினால் அதற்குள் இருக்கிற தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். பிறகு இன்னொரு தடவை. வீட்டில் ஏசுகிறார்கள். ஏசட்டும்.

நான் கேட்க, நீங்கள் பதில் இல்லாமல் முழிப்பதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். அதற்கும் விடாமல் போய்விட்டீர்கள்.

இப்போது குரூப்பில், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஆளுக்கு அரைப் பக்கம் கேட்கிறார்கள். அந்தப் பட்டியில் செய்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் முழுதாகப் போடப் போகிறார்களாம்.

அதில் ஒரு வசனம் இருக்கிறது. "ஆய்வுக் காலத்தில் கருச்சிதைவு எதுவும் ஏற்படவில்லை."

எனக்கு அரைப் பக்கம் வேண்டாம் நண்பர்களே. அந்த வசனத்துக்குக் கீழே "ஒன்று" என்று போட்டு, பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். போட மாட்டீர்கள் என்றால் மலர் வெளியிடுகிற இடத்துக்கு வருவேன். மைக் இல்லாமலும் எனக்குப் பேசத் தெரியும்.

போங்க சேர்.