தெற்கே திரும்பிய யானை

கல்லூரிச் சொற்போர்களில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கேடயம் வென்றவள் நான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள் என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. முதன்முதலில் மேடையேறியது எப்போது என்று வினவியவர்களிடம், பதினோராம் வயதில், சித்தூர் மிஷன் பள்ளியில், 'ஏரி சிறந்ததா, கிணறு சிறந்ததா' என்னும் தலைப்பில் என்று விடையளித்து வந்திருக்கிறேன். அந்தப் பேச்சில் ஏரியும் இல்லை, கிணறும் இல்லை, ஒரு யானைதான் இருந்தது என்பதை இதுவரை எந்த அவையிலும் நான் சொன்னதில்லை.

ஆந்திர மாநிலம் பிறந்து, கர்னூல் தலைநகராகி, சென்னை மாநிலத்தோடு எல்லை மட்டும் முடிவாகாமல் கிடந்த காலம் அது. சித்தூரில் எதைத் தொட்டாலும் அது எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுந்தது. என் நைனா தமிழ்ச் செய்தித்தாளின் தலைப்பு வெளியே தெரியும்படி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு புறப்படுவார். அதே கோலத்தில் காய்கறிச் சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவார்.

கடைத்தெருக் கோடியிலிருந்த டாக்கீசில் நைனாவின் தம்பி, என் சித்தப்பா, படம் ஓட்டும் ஆபரேட்டர். சென்னையிலிருந்த ஒரு ஸ்டூடியோவின் படங்களே அங்கு மிகுதியாக வரும். ஒரே கதையைத் தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் எடுப்பவர்கள் அவர்கள். படம் தொடங்குமுன் திரையில் தோன்றும் அவர்களுடைய சின்னத்தின் வரலாற்றை முழுதும் அறிந்தவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். முதலில் அது துணியில் வரைந்த யானை. எங்கிருந்தோ வந்த காற்றில் அதன் வயிறு மட்டும் அசையும். அடுத்துச் சுதையில் செய்த யானை வந்தது. அதைச் சுழலும் பலகையில் நிறுத்தியிருந்தார்கள். பலகை பாதி சுற்றுவதற்குள் இசை முடிந்துவிடுமாதலால், நாங்கள் கடைசியாகக் கண்டது எப்போதும் அதன் வாலைத்தான். மூன்றாவதாக நிஜ யானையே வந்தது. நாதசுரம் முழங்க, நெற்றிப்பட்டத்தோடு துதிக்கையை உயர்த்தி நின்றது. இரண்டு மொழிக்கும் ஒரே யானை போதும் என்ற சிக்கனத்தால் அதன்மேல் எழுத்து ஒன்றும் இல்லை.

டாக்கீசின் திரை மேற்குச் சுவரில் இருந்தது. வலப்புற வாசலில் இறங்கினால் வடக்கே திருப்பதி ரோடு, இடப்புற வாசலில் இறங்கினால் தெற்கே வேலூர் ரோடு. யானையின் முகம் எந்நாளும் வலப்புறமாகவே இருந்தது. அது திருப்பதியைப் பார்க்கிறது என்று அதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, புதிதாக வந்த தமிழ்ப் படத்தின் முதல் சுருளைச் சித்தப்பா சரிபார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு ஊர்களில் ஓடிக் களைத்து வந்த சுருள். யானை முடியும் இடத்தில் அறுந்து, யானைத் துண்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது. கேபினில் வெளியாள் நுழையக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. அண்ணன் மகள் எப்படி வெளியாள் ஆவாள்? நான் காலி பிலிம் பெட்டியின்மேல் ஏறி நின்று, ஏரியின் மாண்பை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இரும்மா கண்ணு. பசை காயறதுக்குள்ள ஒட்டணும். நீ பேசிக்கினே இருந்தா எனக்குக் கை ஓடல."

"நீ ஒட்டிக்கினே கேளு சித்தப்பா. தட்ட வேண்டிய இடத்துல மட்டும் கை தட்டு."

அவர் தட்டினார். வலக்கையில் யானைத் துண்டு இருந்தது. அதை இடக்கைக்கு மாற்றி, தொடையில் ஒரு தட்டு, மீண்டும் வலக்கைக்கு மாற்றி இன்னொரு தட்டு. பேச்சு முடிந்ததும் ஒட்டும் வேலையை முடித்தார்.

அன்று பிற்பகல் காட்சியில் யானை இடப்புறம் பார்த்து நின்றது. நாதசுரம் எழவில்லை, மாவு மிஷினைப் போல நெடிய உறுமல் ஒன்று எழுந்தது. பெண்கள் பெஞ்சில் என் பின்னால் இருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்:

"இன்னாடி இது, உறுமுது? துன்னறதுக்கு ஒண்ணும் போடலியா அதுக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேலூர்ப் பக்கம் திரும்பிச் சினத்தோடு உறுமும் யானையின் உட்பொருள் எனக்கு அக்கணமே விளங்கிவிட்டது.

திங்களன்று மேடையேறிய நான் ஏரியைக் கைவிட்டேன். "அவையோரே, சான்று கேட்கிறீர்கள். இதோ சான்று. நேற்றுவரை வடக்கே பார்த்த யானை இன்று தெற்கே திரும்பிவிட்டது. சித்தூர் எந்தப் பக்கம் என்பதை ஒரு விலங்கு அறிந்திருக்கிறது, மனிதர்கள்தாம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று முழங்கினேன். தலைமையாசிரியை மணியை அடித்தார். அதைக் கையொலியின் ஒரு பகுதியாகவே கொண்டேன்.

எதிரணியில் கிணற்றுக்காகப் பேச வந்திருந்தவள் தெலுங்குப் பெண்; அவளும் கிணற்றை மறந்து எழுந்தாள். "நேத்துதான் திருப்பதியில பார்த்தேன், அதே படம். யானை எப்பவும் போல வலது பக்கம்தான் பார்க்குது. நாதசுரமும் கேக்குது."

உடனே அவையை நோக்கித் திரும்பிச் சொன்னேன்: "கேட்டீர்களா? திருப்பதியில் ஒரு முகம், சித்தூரில் ஒரு முகம். எல்லைக்கோடு இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் ஓடுகிறது என்பதை எதிரணியே ஒப்புக்கொண்டுவிட்டது." கூரை அதிர்ந்தது. பரிசாகக் கிடைத்த சோப்புப் பெட்டி இன்றும் என்னிடம் இருக்கிறது.

செய்தி அன்று மாலையே கடைத்தெருவை எட்டியது. அடுத்த காட்சிகளுக்கு மக்கள் யானைக்காகவே வந்தார்கள். யானை தோன்றியதும் பாதிப்பேர் கைதட்டினார்கள், பாதிப்பேர் அதைத் திருப்பு என்று கூவினார்கள். வியாழனன்று யாரோ செருப்பை வீசினார். அது யானையின் நெற்றிப்பட்டம் இருந்த இடத்தில் திரையைக் கிழித்தது.

மறுநாள் காலை முதலாளி சித்தப்பாவை அறைக்கு அழைத்தார். சோப்புப் பெட்டியைக் காட்ட வந்திருந்த நானும் உடன் போனேன். மேசைமேல் முதல் சுருள் பிரித்துக் கிடந்தது.

"ஏமய்யா, துண்டைப் புரட்டி ஒட்டியிருக்கே. பாட்டுப் பதிஞ்ச கோடு மறு ஓரத்துக்குப் போயிடுச்சு, அதான் உறுமுது. இத்தினி வருசம் ஓட்டறவன், கண்ணு கனபடலேதா உனக்கு?" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "கேபின்ல வெளியாள் யாருனா இருந்தாங்களா? நிஜம் சொல்லு. அப்படின்னா உன் லைசன்ஸும் போச்சு, வேலையும் போச்சு" என்றார்.

நான் வாய் திறந்தேன். யானை தானாகத் திரும்பியதே தவிர எவரும் புரட்டவில்லை என்று முதலாளிக்கு எடுத்துரைக்க மூன்று காரணங்கள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. சித்தப்பாவின் கை என் உச்சந்தலையில் இறங்கி அழுத்தியது. வாழ்த்துகிறார் என்று நினைத்தேன்.

"யாரும் இல்லீங்க. கொஞ்ச நாளா கண்ணுதான் மங்கலா இருக்குது."

"அப்போ கண்ணாடி போடு. கண்ணாடி இல்லாம உன்னைக் கேபின்ல பார்த்தேன், அதோட சரி."

அன்று மாலை யானை மீண்டும் திருப்பதியைப் பார்த்தது, நாதசுரமும் வந்தது. மிரட்டலுக்கு ஸ்டூடியோ பணிந்துவிட்டது என்று வகுப்பில் அறிவித்தேன்.

சித்தப்பா கண்ணாடி அணியத் தொடங்கினார். அது அவருக்குப் பழகவே இல்லை. பிலிமை ஒட்டும்போது நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். வாசலில் முதலாளியின் செருப்பொலி கேட்டால் மூக்குக்கு இறக்குவார். ஒரு ஞாயிறன்று அவர் குளிக்கப் போயிருந்தபோது அதை நான் போட்டுப் பார்த்தேன். நாள்காட்டியின் எழுத்துகள் முன்பிருந்தபடியே இருந்தன; பெருக்கவுமில்லை, சிறுக்கவுமில்லை. சன்னலில் பதிப்பது போன்ற வெறுங்கண்ணாடி.

"உன்னை நல்லா ஏமாத்திட்டான் சித்தப்பா, அந்தக் கடைக்காரன்."

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஆமாம்மா. ஏமாத்திட்டான். விடு."

நான் விடவில்லை. அடுத்த மாதப் பள்ளி மன்றத்தில் வணிகர்களின் வஞ்சகம் குறித்து ஏழு நிமிடம் பேசினேன். பார்வை மங்கிய ஓர் ஏழைத் தொழிலாளிக்கு வெறுங்கண்ணாடி விற்ற கயவனை மேடையிலேயே கூண்டில் ஏற்றினேன். கடைசி வரிசையில் சித்தப்பா அதே கண்ணாடியோடு அமர்ந்திருந்தார். தட்ட வேண்டிய இடங்களில் எல்லாம் தவறாமல் தட்டினார். இம்முறை அவர் கைகளில் எதுவும் இல்லை.