குளொக்கைக் கூட்டியவர்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்துக் கோணலாகத்தான் வரும். பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தவருக்குத் துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் வேலை. மெலிந்த ஆள். வீட்டிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். பெண்சாதியும் பிள்ளையும் மன்னாரில். இடமாற்றம் கேட்டு எழுதி எழுதிக் களைத்திருந்தார். அந்த அறையின் ஒரே சன்னலைத் திறந்தால் துறைமுக மதில்தான் தெரியும்.

வேலை விட்டு வந்தால் கம்பியூட்டர் பெட்டியைத் திறந்து வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இடமாற்றம் இந்த முறையும் இல்லை என்று கடிதம் வந்த அன்று தேத்தண்ணி கொண்டு போனேன். பெட்டிக்குள் காற்றாடிகள் இரைந்துகொண்டிருந்தன.

“என்ன தம்பி செய்யிறியள்?”

“குளொக்கைக் கூட்டுறன் அம்மா. கம்பனி வைச்ச வேகத்துக்கு மேல ஓட விடுறன்.”

எனக்குச் சுவர் மணிக்கூடுதான் நினைவில் வந்தது.

“அப்ப நாள் கெதியாப் போகுமோ? பிள்ளையிட்டக் கெதியாப் போயிடலாமோ?”

சத்தமாகச் சிரித்தார். “இது கம்பியூட்டருக்குள்ள இருந்து அதின்ர வேகத்தை வைக்கிற குளொக் அம்மா.” பிறகு சிரிப்பு நின்றது. “நீங்கள் சொல்லுற மாதிரி நடக்குமெண்டா, இதை எரியிற மட்டும் கூட்டியிருப்பன்.”

அந்த நேரம் திரை கறுத்து, பெட்டி நின்றுபோனது.

“பாத்தியளே, இதுக்கும் ஏலாதாம்” என்றவர், மறுபடி சுவிச்சை அமத்தினார்.

கோப்பையை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஒரு செக்கனுக்குள் அந்தக் குளொக் ஐந்நூறு கோடி தரம் துடிக்கும் என்று அவர் சொன்னதாக நினைவு. அவ்வளவு துடித்தும் அவர் அந்த அறையில்தான் இருந்தார். கோடியோ இலட்சமோ, தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.