நேர்த்திச் சேவல்

பால்மாப் பெட்டிக்குள் எரியும் மின்குமிழின் சூட்டில் மரத்தூளும் குறுணல் அரிசியும் குஞ்சுகளின் எச்சமும் சேர்ந்து புளிப்பாக ஒரு வாசம் எழும். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அம்மா காட்டும் சாம்பிராணியையும் மீறி, அந்த மழைக்காலம் முழுவதும் அது எங்கள் உடுப்பிலும் பாயிலும் என் புத்தகப் பையிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. முட்டை போட்ட கேக் என்றாலே வாசலோடு திருப்பி அனுப்புகிற சைவ வீடு எங்களுடையது. அந்த வீட்டுக்குள் கோழிக்குஞ்சு வந்த கதையை அண்ணாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அப்பாவின் கந்தோர்ச் சம்பளத்தை நம்பி, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நோனா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுப் பின்பக்க அனெக்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நகரில் எங்கோ குண்டு வெடித்த கிழமை, வகுப்புக்குப் போன அண்ணாவை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று கூடப் படித்த பொடியன் ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். இன்றுவரை எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பொலிஸ், முகாம் என்று அப்பா ஏறி இறங்காத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே சொன்னார்கள். அம்மா ஜிந்துப்பிட்டி முருகனிடம் போய், பிள்ளை திரும்பி வந்தால் அவன் கையாலேயே கோயிலுக்கு ஒரு சேவல் விடுவிப்பேன் என்று நேர்ந்துகொண்டார். அந்த நேரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போச்சு என்றார் அப்பா.

"கடையில வாங்கிக் குடுக்கிறதுக்குப் பேர் நேர்த்தியே? நான் வளர்த்துத்தான் குடுக்கோணும்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார்.

புறக்கோட்டை நடைபாதையில் அப்பா வாங்கிவந்த குஞ்சுகள் எல்லாமே சேவல்தான் என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். சத்தியத்தை நம்புகிற பரம்பரை நாங்கள். முதல் வெள்ளிக்கிழமையே, சுவாமிக்கு நேர்ந்தது துப்புரவாக இருக்க வேண்டுமென்று, அம்மா குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் தண்ணீரில் முழுக வார்த்தார். குஞ்சுக்குக் குளிர் ஆகாது என்று எங்களில் ஒருவருக்குமே தெரியாது. துடைத்துப் பெட்டிக்குள் விட்ட கையோடு கறண்டும் நின்றது. பின்னேரத்துக்குள் பாதிக் குஞ்சுகள் மஞ்சள் நிறம் மாறாமலே விறைத்துப் போயின. அம்மா அழவில்லை. மிச்சத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மிஞ்சியவற்றில் ஒன்றைக் காகம் கொண்டுபோனது, ஒன்றைக் கழிவுநீர்க் கானுக்குள்ளிருந்து வந்த பெருச்சாளி கொண்டுபோனது. தப்பியவை இரண்டு. அவற்றுக்குப் புட்டும், சோறும், அவித்த பருப்பும் சாப்பாடு. முற்றத்தில் புழு கொத்தினாலோ கரப்பான் பிடித்தாலோ அம்மா ஈர்க்குமாறோடு ஓடிவருவார். நேர்த்திக் கோழி மச்ச மாமிசம் தின்னக் கூடாது. "உலகத்திலேயே சைவக் கோழி எங்கட வீட்டிலதான்" என்று அப்பா சொன்னார். அண்ணா போன பிறகு அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

எது சேவல் என்பதில் வீட்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. கொண்டை கொஞ்சம் சிவந்த பெரியதுதான் சேவல் என்று அம்மா முடிவு கட்டி, அதன் கழுத்தில் திருநீற்றைக்கூடத் தடவி வைத்திருந்தார். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, கூட்டுக்கு முன்னால் அவர் குந்தி இருந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். கையில் இளஞ்சூட்டோடு ஒரு முட்டை. கோழி வளர்ப்பவர்கள் முதல் முட்டையைக் கண்டால் கொண்டாடுவார்களாம். அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனதற்கு அழாத அம்மா, எங்கள் வீட்டில் அந்த முட்டைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

அதன்பிறகும் விடவில்லை. அடுத்ததும் பேட்டுக் கோழி என்று தெரிந்ததும் முட்டைகளைச் சேர்த்து அடை வைத்தார். மூன்று கிழமைக்கு மேலாக வீட்டில் நாங்கள் மெல்லப் பேசினோம், றேடியோவைக் குறைத்து வைத்தோம், அப்பா காலையில் கந்தோருக்குப் போகுமுன் கூட்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் பொரிக்கவில்லை. நாற்றம் பொறுக்காமல் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு பரீதா ராத்தா, "சாவல் எங்க தங்கச்சி?" என்று கேட்டார். சாவலுக்காகத்தானே அடை வைத்தது என்றார் அம்மா. ராத்தா சிரிக்க வாயெடுத்தவர், அம்மாவின் முகத்தைக் கண்டதும் அடக்கிக்கொண்டார். "சாவல் இல்லாம முட்ட பொரிக்காது தங்கச்சி. கூழாத்தான் போகும்." அடுத்த நாள் தங்கள் கூட்டு முட்டைகளைத் துணியில் சுற்றித் தந்தவரும் அவர்தான்.

அதில் வந்தது எங்கள் சேவல். நெருப்பு நிறம், வில்லாக வளைந்த கறுத்த வால். அதன் முதல் கூவலோடு வீட்டுக்கார நோனா பின்பக்கத்துக்கு வந்து, காதைப் பொத்திக்காட்டி, இதைக் கொடுத்துவிடுங்கள் என்றார். கடைச் சிங்களத்துக்கு மேல் ஒன்றும் தெரியாத அம்மா, "மே குக்குளா மகே புத்தாகே" என்றார். இந்தச் சேவல் என்னுடைய மகனுடையது. நோனா பொத்திய கையைக் காதிலிருந்து இறக்கினார். "அனே பவ்" என்று, ஐயோ பாவம் என்ற அந்த ஒற்றை வார்த்தையோடு திரும்பிப் போனவர், அதன்பிறகு சேவலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சேவல் ஆயத்தம், கொண்டுபோக வேண்டியவன் வரவில்லை. விற்க முடியாது, ஒருவருக்குக் கொடுக்க முடியாது, கோயிலுக்கும் கொண்டுபோக முடியாது. முதலே கொண்டுபோய் விட்டுவிட்டால் முருகன் மனம் இரங்கக்கூடும் என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அவன் வராமல் குடுத்தா, அவன் வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி."

சேவல் கிழடாகி, கண் மங்கி, ஒரு மாரியில் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தது. அதற்குள் அம்மா அதன் குஞ்சொன்றை வளர்த்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு இன்னொன்று. முதலில் குஞ்சைக் குளிர வைத்துக் கொன்ற அம்மா, காகத்துக்கு வலை கட்டவும் கானுக்குக் கம்பி அடிக்கவும் இறகைப் பார்த்தே சேவலா பேடா என்று சொல்லவும் பழகியிருந்தார். எல்லாம் படித்து முடித்தார். படித்ததற்குப் பலன்தான் வரவில்லை.

நோனா கண்ணை மூடிய பிறகு அந்த வளவை விற்று, கடல் பார்க்கிற மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். அதோடு அம்மாவின் சேவல் வளர்ப்பும் நின்றது. ராத்தாவின் மதிலும் இல்லை, அந்த ஒழுங்கையில் இப்போது காகம் தவிர வேறொரு பறவைச் சத்தமும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். யுத்தம் முடிந்த பிறகும் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய் எத்தனையோ வருடம். அதை அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தெஹிவளையில், லிப்ட் ஏறிப் போகிற எங்கள் பிளாட்டில், அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். எங்கள் பெயர்கள்கூட அவருக்குச் சில வேளை பிடிபடுவதில்லை. போன கிழமை பல்கனிக் கதிரையில் இருந்து கீழே வாகனத் தரிப்பிடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்ச மண் இல்லையே, பிள்ளை. நாளைக்கு அவன் வந்து நிண்டால், சேவலுக்கு எங்க போவம்?"

பார்ப்பம் அம்மா என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தேன்.