ஃபேனடியில் உலர்ந்த சோளம்

எங்கள் வீட்டு அடுப்பில் காளான் ஏறியதே இல்லை. வெங்காயமே நாள் பார்த்துத்தான் ஏறும். அப்படிப்பட்ட மயிலாப்பூர் வீட்டில் ஒரு வருஷம் முழுக்கக் காளான்தான் பேச்சு. அம்மாவின் தம்பி, என் மாமா, கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, காளான் வளர்த்து ஓட்டல்களுக்குக் கொடுக்கப்போவதாக எங்களிடம் வந்து சேர்ந்தார். சமைக்க மாட்டோம், வளர்த்துக்கொள்ளலாம் என்று அம்மா ஒரு சட்டம் போட்டு, சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தாள்.

மாமா பார்த்த வீடியோக்களில் ரை என்றொரு தானியத்தை வேகவைத்து பாட்டிலில் அடைத்தார்கள். மாட வீதியில் எந்த மளிகைக் கடைக்காரரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. வெள்ளைச் சோளமே போதும் என்று யாரோ சொல்ல, மாமா அதை வாங்கி ஊறவைத்து, வெடித்துவிடாத பதத்தில் வேகவைத்து, வெள்ளை வேட்டியில் பரப்பி ஃபேனடியில் உலர்த்துவார். பிறகு ஊறுகாய் பாட்டில்களில் நிரப்பி, வாயைப் பஞ்சால் அடைத்து, அம்மாவின் பெரிய குக்கரில் ஏற்றுவார். ஆறியதும் வாங்கி வைத்திருக்கும் காளான் வித்தைத் தூவுவார். சோளத்தின் மேல் வெள்ளை வெளேரென்று படர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பச்சைப் பூஞ்சைதான் படர்ந்தது.

மாமா இளைத்துப் போனார். காலையில் பல்கூடத் தேய்க்காமல் பாட்டில்களின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரியென்று சொல்லிவிடு என்று அம்மா கெஞ்சினாள்.

"இந்தச் சோளத்தை மட்டும் பாத்துடறேன்க்கா. தோத்துட்டுப் போனான்னு யாரும் சொல்லப்படாது."



அதே வாரத்தில் நவராத்திரியும் வந்தது. ஒருநாள் மதியம் மாமா சோளத்தைப் பரப்பிவிட்டுப் பஞ்சு வாங்கப் போயிருந்தார். கொலுவுக்கு ஒத்தாசையாக அடையாறிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, வேட்டியைப் பார்த்துவிட்டாள்.

"மன்னி, இன்னிக்கு சோளச் சுண்டலா? புதுசா இருக்கே."

அம்மா பெருங்காய டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, கொலுவுக்கு விளக்குத் துடைக்கப் போய்விட்டாள்.

மாமா எங்கோ அலைந்து திரிந்து திரும்பியபோது சோளம் தாளிப்பும் தேங்காயும் கண்டு, நைவேத்தியமும் ஆகி, பாதித் தெருவின் வயிற்றுக்குள் போயிருந்தது. நானும் இரண்டு கிண்ணம் தின்றிருந்தேன். வயிற்றுக்குள் காளான் முளைத்தால் என்ன செய்வது என்று மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அசடு, வித்தே இன்னும் போடலடி. அது வெறும் சோளம்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். விஷயம் தெரியாத எதிர் வீட்டு மாமி, கொஞ்சம் நறுக்கென்று இருந்தாலும் ருசிதான் என்று சொல்லிப் பக்குவம் கேட்டாள். மாமா கத்தப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அம்பாளே சாப்பிட்டுவிட்ட பிறகு யாரோடு சண்டைக்குப் போவது என்று கேட்டார். பிறகு தானும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். இன்றுவரை மாமா காளானில் தோற்றார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. அத்தை சுண்டல் செய்துவிட்டாள் என்றுதான் சொல்கிறோம், அத்தை உட்பட.

அவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அடுக்குப் பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலை, உப்புப் போட்டு வேகவைத்துத் தயாராக இருந்தது. இது எதற்கு என்று அம்மாவைக் கேட்டேன்.

"நாளைக்கு," என்றாள். அவள் காது முழுக்க மாமாவின் போனில் இருந்தது.

நாளைய சுண்டலுக்கு இன்றைக்கே வேகவைத்துவிட்டாளே, அம்மா என்ன கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு, நாலு கடலையை வாயில் போட்டபடி விளையாடப் போனேன்.