ஜெப மேசையில் வைத்த டி.சி.

என் மகளின் டி.சி.யையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் நான் என் கையாலேயே ஒரு ஏமாற்றுக்காரனிடம் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஜெபம் பண்ணி, ஆமென் சொல்லி, சிரித்த முகத்தோடு கொடுத்தேன். அன்பான சகோதர சகோதரிகளே, என் சாட்சி இங்கேதான் தொடங்குகிறது. கேட்க அழகாக இருக்காது.

நான் மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்குகிறவள். பெயர் ஸ்டெல்லா. கணவர் மீன் லாரியில் ஏறி வெளியூர் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஒரே மகள் பெனிட்டா. போன வருஷம் மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்தது. ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கம் பத்தாவது ரிசல்ட் வந்ததும் ஒரு கூட்டம் கிளம்பும். பைக்கில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கலர் நோட்டீஸோடு வருவார்கள். ஒருத்தன் கேட்டரிங் என்பான், இன்னொருத்தன் ஏர்போர்ட் வேலை என்பான். ஏர்போர்ட்டை நோட்டீஸில் மட்டும் பார்த்த முகம் அது. போதாததற்குச் சொந்தக்காரர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் நாத்தனார், கம்ப்யூட்டர் படிப்புக்கு எதிர்காலமே இல்லை என்று எனக்கு விளக்கம் சொன்னாள். பையன்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பாதிப் பேர் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள், மீதிப் பேர் முடியை வெட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். பெண்களில் சிலரைத் துணிக்கடை ஹாஸ்டலுக்கு அனுப்புவார்கள். சிலருக்கு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். நான் எல்லாரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். என் கூடவே உப்பு வாருகிற செல்வியின் மகன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் சேர்ந்தபோது, "ஸ்க்ரூ முறுக்கப் பத்தாவது எதுக்கு?" என்று அவள் காதுபடவே சொன்னவள் நான். என் மகள் நர்ஸ் ஆவாள், வெளிநாடு போவாள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஆண்டவரிடமும் அறிவித்துவிட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு, பாஸான பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகளை ஜெப மேசையில் வைப்போம். பாஸ்டர் ஐயா மேலே கைவைத்து ஜெபிப்பார். பாஸாகாத பிள்ளையின் வீட்டார் அந்த ஞாயிறு மட்டும் காய்ச்சல் வந்து படுத்துக்கொள்வார்கள். அதை யாரும் கேட்பதும் இல்லை. நானும் கேட்டதில்லை. நான் முன் வரிசையில் நின்றேன், பட்டுப்புடவை கட்டி.

அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்திருந்தார். பிரதர் என்று அறிமுகம் செய்தார்கள். சென்னையில் விசுவாசப் பிள்ளைகளுக்கென்றே நர்ஸிங் டிப்ளமோ நடத்துகிறாராம். பத்தாவது போதும், இரண்டே வருஷம், ஹாஸ்டல் உண்டு, முடித்ததும் துபாய். கண்ணை மூடிக்கொண்டு அழுது ஜெபித்தார். கண்ணைத் திறந்ததும், "சீட் மூணுதான் இருக்கு, ஒரிஜினல் இப்பவே வேணும்" என்றார். மூன்று வீட்டார் முந்தினோம். மேசையில் வைத்த கவரை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போனார். ஒரு சீட்டு, ஒரு கையெழுத்து கிடையாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆண்டவருடைய மேசையிலிருந்து எடுத்துப் போகிறவரிடம் எழுதிக் கொடு என்று கேட்டால் அவிசுவாசம் அல்லவா! உப்பு மூட்டை ஒன்று குறைந்தால் மேஸ்திரியிடம் மல்லுக்கு நிற்கிற நான்தான் அப்படி நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

பெனிட்டாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன். பத்தாம் நாள் யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"அம்மா, இங்க கிளாஸே இல்லம்மா. வயசானவங்க வீட்டுக்கு அனுப்புறாங்க. துணி தோய்க்கணும், பாத்திரம் கழுவணும். நான் வந்துடட்டுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆண்டவர் உன்னைப் பழக்குறாரும்மா. பொறுத்துக்க. முறுமுறுக்காத." இப்படிச் சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அவள் பொறுக்கவில்லை. இன்னொரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், பையைத் தூக்கிக்கொண்டு ஈசிஆர் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். உள்ளங்கை இரண்டும் சோப்புத்தூளில் வெந்து போயிருந்தன. அப்போதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சபையில் என்ன சொல்வேன் என்ற கோபம்.

மரக்காணம் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாவது சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை நல்லவர். ஆனால் கையை விரித்துவிட்டார்.

"ஒரிஜினல் டி.சி. இல்லாம எப்படிம்மா சேர்ப்பேன்? டூப்ளிகேட் வாங்கணும்னா போலீஸ், தாசில்தார் ஆபீஸ்னு மாசக்கணக்கா ஆவும். அட்மிஷன் வெள்ளிக்கிழமையோட முடியுது."

அன்று திங்கட்கிழமை.

பிரதருக்குப் போன் செய்தேன். பல முறை எடுக்கவில்லை. எடுத்தபோது, "கோர்ஸ் முடிச்சாத்தான் சர்ட்டிபிகேட், சிஸ்டர். நீங்க விசுவாசத்துல ரொம்பக் குறைஞ்சிட்டீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சபையில் சொன்னேன். ஜெபிப்போம் என்றார்கள். ஜெபித்துவிட்டு டீ குடித்தார்கள். பாஸ்டர் ஐயா பாவம், அவரும் ஏமாந்தவர். என் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

நான் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, அந்தக் கவரை என் கையில் கொடும், என் பிள்ளையின் வருஷத்தை வீணாக்காதேயும் என்று அழுதேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜூன் மாத வெயிலில் கூடை தூக்கினேன். புதன்கிழமை வரப்பிலேயே மயங்கி விழுந்தேன். கண் திறந்தால் செல்வி என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். அவள் மனந்திரும்ப வேண்டும் என்று பதினோரு வருஷமாக நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்குவாளியில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டேன்.

"இன்னாடி, சோறு துன்னாம சாவப் போறியா? சொல்லித் தொலை, இன்னா ஆச்சு?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், ஸ்க்ரூவை ஞாபகப்படுத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தாளு அட்ரஸ் உங்கிட்ட கீதா?"

மறுநாள் வியாழக்கிழமை. உப்பு வாரும் நாளில் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினோம். அந்த இடம் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. நான் மகளை விட வந்த அன்று மேலே ஒட்டியிருந்த ஸ்டெதஸ்கோப் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். உள்ளே இருந்த பெண், "சார் ஊர்ல இல்ல" என்றாள். சாருடைய வெள்ளைச் சட்டை உள்ளறைக் கண்ணாடியில் தெரிந்தது.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்தேன். செல்வி கீழே இறங்கிப் போனாள். உப்பளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கிற ஆளைக் கூப்பிட எங்களுக்கு போன் தேவையில்லை. அந்தக் குரலை அவள் மத்தியானப் பிரியாணிக் கூட்டத்தின் நடுவில் நின்று எடுத்தாள்.

"பொம்பளப் புள்ளைங்க சர்ட்டிபிகேட்டைத் திருடிக்கினு மேல ஒளிஞ்சினு கீறான்! நல்லாப் பாருங்க! உங்க வீட்டுப் புள்ளையும் நாளைக்கு இங்கதான் வரும்!"

கால் மணி நேரத்தில் தெரு நின்றுவிட்டது. பிரியாணி வாங்க வந்தவர்கள் எல்லாரும் மேலே பார்த்துப் போனில் படம் பிடித்தார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கரண்டியோடு என்னைத் தாண்டிப் படியேறினார். "யோவ், அதைக் குடுத்துத் தொலைய்யா!" என்ற சத்தம் கேட்டது. ஊரில் இல்லாத சார் உள்ளறையிலிருந்து வந்து என் மகளின் கவரை நீட்டினார். ஜெபிக்கவில்லை, அழவும் இல்லை.

நான் கவரைப் பிடுங்கிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன். செல்வி மேலே ஏறி வந்தாள். "மத்த ரெண்டு புள்ளைங்களோடது எங்க?" என்று கேட்டாள். அந்த இரண்டும் என் சபைப் பிள்ளைகள். எனக்கு ஞாபகமே வரவில்லை. அவர்கள் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி, மூன்று கவரும் கைக்கு வரும் வரை வாசலை மறித்து நின்றாள். அந்தப் படிக்கட்டில் நான் வெட்கப்பட்டதுபோல என் வாழ்நாளில் வெட்கப்பட்டதில்லை. என் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். பதிலை நான் தண்ணீர் வாங்கிக் குடிக்காத கையில் கொடுத்து அனுப்பினார். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் வாளியிலிருந்துதான் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் நின்றோம். தலைமையாசிரியை படிவத்தை எடுத்து, "எந்த குரூப்?" என்றார்.

"பயாலஜி" என்றேன் நான். "காமர்ஸ்" என்றாள் பெனிட்டா. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். "பொண்ணு பேசட்டும்மா."

வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு ஆண்டவர் கொடுத்ததை வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை.

"நர்ஸ் ஆவணும்னு நான் எப்பம்மா சொன்னேன்? நீ ஆண்டவர்கிட்ட கேட்ட, பாஸ்டர்கிட்ட கேட்ட, அந்த ஆள்கிட்ட கேட்ட. என்கிட்ட ஒரு வாட்டி கேட்டியா?"

பிரதரை எத்தனை பேச்சுப் பேசினேன்! அவனாவது என் மகளின் காகிதத்தை மட்டும்தான் எடுத்துப் போனான்.

இப்போது பெனிட்டா பன்னிரண்டாவது. கணக்குப்பதிவியலில் வகுப்பில் முதல். அந்த இரண்டு பிள்ளைகளும் அந்த வாரமே வீடு திரும்பிவிட்டார்கள்; ஒருத்தி அவளோடு படிக்கிறாள், இன்னொருத்தி பாலிடெக்னிக்கில் இருக்கிறாள். இந்த வருஷம் ரிசல்ட் ஞாயிறு அன்று, காய்ச்சல் வந்து படுத்திருந்த ஒரு வீட்டுக்கு நானும் பாஸ்டர் ஐயாவும் போய் அந்தப் பையனுக்காக ஜெபித்தோம். துணைத்தேர்வு எழுதியிருக்கிறான்.

பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களே, ஆண்டவரை முழு மனதோடு நம்புங்கள். அவர் கேட்கிறார். அதில் எனக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. ஆனால் முழங்கால் போடுவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் முதல்முதலாகக் கேட்ட அன்று என் மகள் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். அடுப்பில் சோறு தீய்ந்து போனது. நான் எழுந்திருக்கவில்லை. ஸ்தோத்திரம்.