என் பெயர் இல்லாத அணி

கல்லூரி பேஸ்பால் அணியில் என் நண்பன் பந்து வீசுவான். அதைப் பிடிக்கும் கேட்சர் நான். இப்போதும் ஒவ்வொரு ஆண்டும் அமெரிக்க லீக் தொடங்குமுன் சைதாப்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து, எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதுவோம். பெரும்பாலும் அவன் கணிப்புதான் பலிக்கும். அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

இந்த முறை இன்னொரு பட்டியலும் வைத்திருந்தான். நாங்கள் ஆடிய காலத்தில் இந்தியா உலகப் போட்டிக்குப் போயிருந்தால் யார் யார் ஆடியிருப்பார்கள் என்ற கற்பனை அணி. அவன் பெயர் முதலில் இருந்தது. கேட்சராக, எங்களிடம் தோற்ற கல்லூரியின் ஆள்.

“நான் எங்கடா?”

“கோச்சிக்காத மச்சி. பந்து வேகமா வந்தா நீ கண்ண மூடிக்கிற. அவன் மூட மாட்டான்.”

உண்மைதான். சிரித்து மழுப்பினேன். ஆனால் முகம்கூட நினைவில்லாத அந்த ஆளை நினைத்து வயிறு எரிந்தது.

மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறியதும் நண்பனைச் சேர்க்காமல் என் அணியை போனில் எழுதினேன். எவ்வளவு யோசித்தும் பந்து வீச வேறு ஆள் தேறவில்லை. கடைசியில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, அவனை மாற்று ஆட்டக்காரனாகச் சேர்த்தேன்.